பொண்ணு அமையலீங்க

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். செவ்வாயும் வியாழனும் கூடுகிற சந்தை. தரகரும் வாங்க வந்தவரும் கையோடு கை கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரல்கள் பேசும். பிடிக்கிற விரலுக்கு ஒரு தொகை. கையை உதறினால் கட்டாது என்று அர்த்தம். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் இரண்டு ஆம்பளைகள் கைகோத்து நிற்பது மட்டும்தான். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊரில் எனக்கு வாய்த்த காதலும் இந்த மாட்டு யாவாரத்தின் முறைப்படிதான் நடந்தது.

ஊர் அதற்கு ரொம்பத் தோதாக இருந்தது. இரண்டு பையன்கள் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு கடைவீதி முழுக்க நடக்கலாம். ஒரே டி.வி.எஸ். 50-இல் ஒட்டி உட்கார்ந்து ஆழியாறு அணைவரைக்கும் போய் வரலாம். தோட்டத்துச் சாளையில் ஒரே கயிற்றுக் கட்டிலில் படுத்துத் தூங்கலாம். விடிந்ததும் அம்மா இரண்டு டம்ளர் காபியைக் கொண்டுவந்து வைத்து, "எந்திரிங்க சாமி, பொழுது ஏறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவாள். அதே ரோட்டில் ஒரு பையனும் பொண்ணும் சேர்ந்து நின்று கரும்புச்சாறு குடித்தால், டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சேதி இரண்டு வீட்டுக்கும் போயிருக்கும். ஊரின் கண்காணிப்பு முழுவதும் அந்தப் பக்கமே திரும்பியிருந்ததால் எங்கள் பக்கம் இருட்டாக இருந்தது. இருட்டு என்று குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் அந்த இருட்டு எல்லோருக்கும் கிடைத்ததில்லை. எங்கள் வகுப்பில் கொஞ்சம் நளினமாகக் கையை ஆட்டிப் பேசுகிற ஒருவன் இருந்தான். அவனை 'ஒம்போது' என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்தியார்களில் சிலரும் சிரிப்பார்கள். பன்னிரண்டாவது முடித்த கையோடு கோயமுத்தூர் போனவன் மாரியம்மன் நோம்பிக்குக்கூடத் திரும்பி வரவில்லை. நான் கபடி ஆடுவேன், டிராக்டர் ஓட்டுவேன், குரல் கட்டையாக இருக்கும். அதனால் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பிற்பாடு வடிவேலுவின் 'அவனா நீயி' வந்து ஊர் முழுக்கப் பரவியபோது கபடிக்காரர்களுக்கும் கொஞ்சம் உதறல் எடுத்தது. டீக்கடையில் எவனாவது இன்னொருவன் தோளில் கை போட்டால் உடனே யாராவது அந்த வசனத்தைச் சொல்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், எல்லோரையும்விடச் சத்தமாக.

அப்போது பொள்ளாச்சி மீட்டர்கேஜ் சந்திப்பு. கோவையிலிருந்து ராமேஸ்வரம் போகிற வண்டி எங்கள் ஊர் வழியாகத்தான் பழனி, திண்டுக்கல், மதுரை என்று போகும். மேற்கே பாலக்காட்டுக்கு இன்னொரு பாதை: ஆனைமலை ரோடு, மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு, புதுநகரம். முதலமடை ஸ்டேஷனில் பெரிய பெரிய ஆலமரங்கள். பிளாட்பாரத்தின் மேல் விழுது தொங்கும். வண்டிக்கு வண்டி அங்கே அப்படியொரு இடைவெளி இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டரும் நாலைந்து குரங்குகளும்தான் சாட்சி. நான் காதலித்தவன் கொல்லங்கோட்டுப் பக்கம். கல்லூரிக்குப் பொள்ளாச்சி வந்தவன். தமிழும் மலையாளமும் கலந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் பேசுவான். அவன் வீட்டில் எல்லோரும் மார்க்சிஸ்டுகள். எங்கள் அப்பாரு நாராயணசாமி நாயுடுவின் விவசாயிகள் சங்கத்துக்காரர். 1972-இல் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு கோவைக்குப் போராடப் போன கதையைச் சாகிறவரைக்கும் சொன்னவர். சாகும்போதும் பச்சைத் துண்டு தலைமாட்டில் இருந்தது.

எங்கள் இருவருக்கும் நடந்த முதல் பெரிய சண்டை 7.25 டி.எம்.சி. பற்றியது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் சித்தூர்ப் புழைக்கு ஆண்டுதோறும் கேரளத்துக்குக் கொடுக்கவேண்டிய தண்ணீர் அது. கொடுப்பதில்லை என்று அவன். வரத்தே இல்லாதபோது எங்கிருந்து கொடுப்பது என்று நான். சி. சுப்பிரமணியமும் பொள்ளாச்சி மகாலிங்கமும் வி.கே. பழனிசாமிக் கவுண்டரும் பாடுபட்டுக் கொண்டுவந்த தண்ணீர் என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்; அது யாருடைய மலையில் பெய்த மழை என்று அவனுக்கு அவன் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆலமரத்தடியில் தோளோடு தோள் உரச உட்கார்ந்துகொண்டு இரண்டு மாநிலப் பொதுப்பணித் துறைகளின் வழக்கை வாதாடியிருக்கிறோம். காதலும் அரசியலும் வேறு வேறு என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் அந்த சிமென்ட் பெஞ்சுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அகலப்பாதைக்காக 2008 டிசம்பரில் அந்தப் பாலக்காட்டுத் தடத்தை மூடினார்கள். அதற்கு முந்தியே அவன் கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது. போனேன். பந்தியில் பாலடைப் பிரதமன் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மணப்பெண் என்னைப் பார்த்து, "பொள்ளாச்சி அண்ணனா? உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார்" என்றாள். நல்ல பெண். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. பிறகு நிறைய யோசித்தேன். 2015 நவம்பரில் அகலப்பாதையில் வண்டி ஓடத் தொடங்கியபோது, ஒரு தடவை முதலமடைவரைக்கும் போய் வாயேன் என்று போனில் சொன்னான். போகவில்லை. கல்யாணமான ஆண்களோடு பழகுவதில்லை என்பது அதற்குள் எனக்கு வழக்கமாகியிருந்தது. ஒழுக்கம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. என் ஒளிவுக்கு இன்னொரு பெண் வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான்.

பொள்ளாச்சியில் பிரவுசிங் சென்டர்கள் வந்த காலத்தில் தட்டி வைத்து அடைத்த மூலைப் பெட்டிக்குத்தான் கிராக்கி. யாஹூ சாட், பிறகு பிளானட் ரோமியோ, அதன்பிறகு கைப்பேசியில் கிரைண்டர். முகம் கிடையாது, தென்னை மரம், புல்லட் வண்டி, மார்புவரை வெட்டிய படம். எங்கள் பக்கத்துப் பேச்சு எப்போதும் ஒரே வரிசையில்தான் போகும். "எந்தூருங்க?" "தோட்டமா, டவுனுங்களா?" "இடம் இருக்குங்களா?" அப்புறம், நாலாவதோ ஐந்தாவதோ, "தப்பா நெனைக்காதீங்க, நீங்க எந்த ஆளுங்க?" ஒரு தடவை ஒருவர் சாதியையும் தாண்டிக் குலம்வரைக்கும் போய், "எந்தக் கூட்டம்?" என்று கேட்டார். சொன்னேன். அவரும் அதே கூட்டமாம். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு எழுதினார்: "அப்ப நாம பங்காளி ஆயிட்டமுங்க. வேண்டாமுங்க." அத்தோடு ஆளைக் காணோம். பங்காளிக்குள் பெண் எடுக்கக் கூடாது என்கிற விதியை, பெண்ணே இல்லாத இடத்திலும் அந்த மனுசன் விட்டுக்கொடுக்கவில்லை! இதை நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

ஆனால் ஆனைமலைப் பக்கத்து நண்பன் ஒருவன் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவன் ஊர்ப் பெயரோடு தெருப் பெயரையும் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடுமாம். எதிரே இருப்பவர் ஒளிந்து வாழ்கிறவர்தான். தன் பெயரைக்கூடச் சொல்லாதவர்தான். ஆனாலும் சாதியை மட்டும் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறார். 'ஒடுக்கப்பட்டவர்கள் எல்லாம் ஒன்று' என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்பாமல் போனது இந்த நண்பனால்தான்.

2016 மார்ச் 13 ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரிலிருந்து அரைமணி, முக்கால்மணி பஸ் தூரத்தில் உடுமலைப்பேட்டை. பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், சங்கரை வெட்டிக் கொன்றார்கள். சாதி மாறி அவரைக் கட்டிக்கொண்ட கௌசல்யா தலையில் வெட்டோடு தப்பினார். அந்த சி.சி.டி.வி. காட்சி சாயங்காலத்துக்குள் எல்லார் போனிலும் வந்துவிட்டது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020-இல் உயர்நீதிமன்றம் பெண்ணின் அப்பாவை விடுவித்து, மற்ற ஐந்து பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் யாரும் கொலையை நியாயம் என்று சொல்லவில்லை. "இருந்தாலும்…" என்று ஆரம்பித்தார்கள். அந்த 'இருந்தாலும்' எனக்கு அரிவாளைவிடப் பயமாக இருந்தது. ஊர் பார்த்துக்கொண்டே இருந்த காதலுக்கே இந்தக் கதி என்றால், பார்க்காமல் விட்ட எங்கள் காதலைப் பார்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? அன்றிலிருந்து ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் மனசுக்குள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: சாதி மாறிக் கட்டிக்கொண்ட இரண்டு பேர் உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தால் கதவைத் திறப்பீர்களா? அதற்கு ஆமென்று சொல்லக்கூடியவர் என்னைப் பற்றித் தனியாக எதுவும் பேசாவிட்டாலும் பரவாயில்லை. அப்படி யாரும் இதுவரைக்கும் எங்கள் வீதிக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

நீதிமன்றங்களுக்கும் எங்கள் சந்தைக்கும் என்ன ஒப்பந்தமோ தெரியாது. 2009 ஜூலை 2, டெல்லி உயர்நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது சட்டப்பிரிவை முதன்முதலாகத் தளர்த்திய நாள், வியாழன். 2018 செப்டம்பர் 6, உச்சநீதிமன்றம் ஐந்து நீதிபதிகள் அமர்வில் அதை மறுபடியும் தளர்த்திய நாள், அதுவும் வியாழன். கல்யாண உரிமை இல்லை என்று சொன்ன 2023 அக்டோபர் 17 செவ்வாய். இடையில் 2013 டிசம்பரில் எங்களைத் திரும்பக் குற்றவாளியாக்கிய தீர்ப்பு மட்டும் புதன்கிழமை வந்தது. சந்தை இல்லாத நாள். 2018-இல் அந்த வியாழக்கிழமை ஊரில்தான் இருந்தேன். டீக்கடை டி.வி.யில் டெல்லியில் யாரோ கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "ஏனுங், எதுக்கு அழுவறாங்க?" என்றார். கடைக்காரர், "கேசு ஜெயிச்சுப்போட்டாங்களாட்ட இருக்குது" என்றார். "ஜெயிச்சா எதுக்கு அழுவோணும்?" என்று கேட்டுவிட்டு அவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எங்கள் ஊரில் அந்தத் தீர்ப்புக்கு எழுந்த எதிர்வினை அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருந்தது.

சட்டம் மாறியதில் ஊரில் என்ன மாறியது என்று கேட்டால், ஒரு காரியம் மாறியிருக்கலாம், மாறவில்லை என்றுதான் சொல்வேன். ஆப்பில் பேசி வரவழைத்து, அடித்துப் பணம் பிடுங்கி, படமெடுத்து மிரட்டுகிற கும்பல்கள் எல்லா ஊரிலும் உண்டு. 2018-க்குப் பிறகு போலீசுக்குப் போகலாம். போகிறார்களா? 2019-இல் எங்கள் ஊர்ப் பெயரே நாடு முழுக்க வேறு மாதிரி ஒலிக்க ஆரம்பித்தது. பெண்களை நம்பவைத்துக் கூட்டிப்போய், வன்கொடுமை செய்து, வீடியோ எடுத்து மிரட்டிய அந்த வழக்கு. புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியே பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னார். நாடாளுமன்றத் தேர்தல் நேரம். எல்லாக் கட்சியும் பேசியது. கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் என்று தீர்ப்புச் சொல்ல 2025 மே 13 ஆனது. அந்தப் பெண்கள் பின்வாங்காமல் நின்றதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ஆனால் பெயர் வெளியே வந்த அந்த ஒரு நாளில், எனக்குத் தெரிந்த எத்தனையோ ஆண்கள் தங்கள் வாயை நிரந்தரமாகத் தைத்துக்கொண்டார்கள். ஒரு ஆட்சி நல்லதா கெட்டதா என்று நான் பார்ப்பது ஸ்டேஷனில் எழுதுகிறவர் பேனாவை எடுக்கிறாரா என்பதை வைத்துத்தான்.

வெளியூர்க்காரர்கள் எப்போதும் கேட்கிற கேள்வி: கல்யாணத்துக்கு வீட்டில் நெருக்கவில்லையா? நெருக்கினார்கள். முப்பது வயதுவரைக்கும் ஜாதகம் சுற்றியது. தங்கைக்கு என் இணைச்சீரின்மேல் ஒரே ஆசை. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உடன்பிறந்தவள் நின்று செய்கிற சீர் அது, அதற்கென்று பட்டுச்சேலையே எடுத்து வைத்திருந்தாள். முப்பத்தைந்து தாண்டியதும் நெருக்கம் தானாகத் தளர்ந்தது. காரணம் நான் இல்லை, நாடு! கொங்கு நாட்டில் தோட்டங்காட்டை நம்பியிருக்கிற மாப்பிள்ளைகளுக்குப் பெண் கிடைப்பதில்லை. பெண் குழந்தை வேண்டாம் என்று கழித்துக்கட்டிய தலைமுறையின் கணக்கு இப்போது வந்து சேர்ந்திருக்கிறது; பிறந்த பெண்களும் படித்துவிட்டு, சாணி அள்ள வரமாட்டேன் என்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். தரகர்கள் பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் பார்த்து வருகிறார்கள். நாற்பது வயதில் கல்யாணமாகாத ஆம்பளை ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன். யாராவது விசாரித்தால் அம்மா ஒரே பதில் வைத்திருப்பாள்: "பொண்ணு அமையலீங்க." எதிரே இருப்பவரும் பெருமூச்சு விட்டு, "எங்க பையனுக்குந்தானுங்க" என்பார்.

அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாள் பாலக்காட்டுத் தரகர் ஒருவரை அப்பா வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். அம்மா காபி கொடுத்து, ஜாதகத்தை வாங்கி வைத்து, அவர் போனதும் அதை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் செருகினாள். என்னைப் பார்த்து, "அந்தப் புள்ள எங்கியோ நல்லா இருக்கட்டும் கண்ணு" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. ஊர் தன் பெண்களுக்குச் செய்த அநியாயம் எனக்கு நிழலாக ஆகியிருக்கிறது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

அப்பா இரட்டை இலை. எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து. கூட்டணி யாரோடு என்றாலும் இலை இலைதான். நான் நாலு தேர்தலுக்கு நாலு விதமாகப் போட்டிருக்கிறேன். 2015-இல் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று அப்படி நிறைவேறி எத்தனையோ பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அதற்காக அந்தத் தடவை அவர் கட்சிக்கு ஒரு ஓட்டு. 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சேர்ந்து வாழ வீட்டை விட்டு வந்த இரண்டு மதுரைப் பெண்களின் வழக்கில், எனக்கு இது தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு தீர்ப்பெழுதினார். எனக்குத் தெரிந்து எந்த எம்.எல்.ஏ.வும் அப்படிச் சொன்னதில்லை. நீதிபதிக்கு ஓட்டுப் போட வழியிருந்தால் போட்டிருப்பேன்.

2023 கடைசியில் மம்மூட்டியின் 'காதல் – தி கோர்' வந்தது. உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிற ஒரு நடுவயதுக்காரர்; அவர் தன்பாலீர்ப்பாளர் என்று மனைவி விவாகரத்துக் கேட்கிறாள். அம்மா பாதிப் படத்தில் வந்து உட்கார்ந்து கடைசிவரைக்கும் பார்த்தாள். "பாவம், அந்தப் பொம்பளை" என்றாள். அதைத்தான் படமும் சொன்னது. நம் பக்கம் இப்படி ஒரு படத்தில் எந்தப் பெரிய நடிகர் நடிப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். சிங்காநல்லூரிலும் சமத்தூர் அரண்மனையிலும் எத்தனையோ பஞ்சாயத்து சீன்கள் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பஞ்சாயத்து ஆலமரத்தடியில் எங்கள் வழக்கு ஒன்றும் வந்ததில்லை.

கல்யாண உரிமை பற்றி எனக்குப் பெரிய ஏக்கம் கிடையாது. மண்டபம், சீர், மொய் எல்லாவற்றையும் தங்கச்சியின் கல்யாணத்தில் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுகிற உரிமை வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டால் 'பேச்சிலரா?' என்று முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். 2025 மே 22-இல் சென்னை உயர்நீதிமன்றம், பெற்றோர் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவள் தோழியோடு போகவிட்டு, கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்பதில்லை என்று எழுதியது. அதுவும் வியாழக்கிழமை. அன்றைக்கு நானும் அவரும் கோவை வீட்டில் அதைச் செய்தியில் படித்துவிட்டு, கேஸ் சிலிண்டர் புக்கிங் யார் பெயரில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தோம்.

'அவர்' என்றால் உடுமலைக்காரர். நூற்பாலையில் மெக்கானிக். என்னைவிட இரண்டு வயது மூப்பு. இத்தனை வருசத்துக்குப் பிறகும் இருவரும் வாங்க போங்கதான். எங்கள் பக்கம் அப்படித்தான் வரும். மாதத்தில் ஒரு ஞாயிறு ஊருக்கு இரண்டு பேரும் போவோம். அம்மா அவரைத் தம்பி என்பாள். அரிசிம்பருப்புஞ்சோற்றுக்கு அவர் தட்டில் நெய் கொஞ்சம் அதிகமாக விழும். அப்பா அவரிடம் மோட்டார் ரிப்பேர் பற்றி மட்டும் பேசுவார். தென்னைகளுக்கு வாடல் நோய் வந்து வெட்டிய வருசம், அடுத்து என்ன நடலாம் என்று அவரிடம்தான் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை.

போன தேர்தலுக்கு முன்னால் மறுபடியும் பொள்ளாச்சி தனி மாவட்டப் பேச்சு கிளம்பியது. ஒவ்வொரு தேர்தலுக்கும் கிளம்புகிற பேச்சுதான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். "மாவட்டமானா உடுமலை எங்களோடதான் வரோணும்" என்றேன்.

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "ஏனுங், 2009-ல எங்களக் கோயமுத்தூர்ல இருந்து பிச்சுத் திருப்பூர்ல சேத்துனாங்க. இப்ப உங்களுக்குக் கீழ வேறயா? வேணும்னா உடுமலையத் தலைநகராப் போடச் சொல்லுங்க, நாங்க வர்றோம்."

"உங்கூருல என்ன இருக்குது தலைநகராப் போட?"

"உங்கூருல என்ன இருக்குது? மாட்டுச் சந்தை தவுத்து?"

"தம்பி சொல்றதும் நாயந்தானே" என்றாள் அம்மா. அப்பா தட்டைப் பார்த்தபடியே, எவனை வேண்டுமானாலும் தலைநகரம் ஆக்கட்டும், முதலில் கொப்பரைக்கு ஒரு வெலை சொல்லச் சொல்லுங்கள் என்றார். அவர் உடனே கட்சி மாறி அப்பாவோடு சேர்ந்துகொண்டார்.